பஸ்ஸில் பதினைந்து கிலோமீட்டர், பாப்பாரப்பட்டி!

தர்மபுரி என்றாலே நம்ம ஆபீஸ் கோஷ்டிக்கு ஒகேனக்கல் பரிசலும் மீன் வறுவலும்தான் ஞாபகம் வரும். நான் போகச் சொல்வது பாப்பாரப்பட்டிக்கு! தர்மபுரிக்கு வடமேற்கே சுமார் 15 கிலோமீட்டர். கேழ்வரகும் புளியமரமுமாக வானத்தைப் பார்த்துப் பிழைக்கிற பூமி.

ஊர் சின்னதுதான், அங்கே அடங்கியிருக்கிறவர் பெரிய ஆள் - சுப்பிரமணிய சிவா! 1884-ல் வத்தலகுண்டில் பிறந்தவர். 1908-ல் வ.உ.சி.யோடு இவரையும் உள்ளே தள்ளினான் வெள்ளைக்காரன். ஜெயிலில் தொழுநோய் ஒட்டிக்கொண்டது. வெளியே வந்தால், தொழுநோய்க்காரர் ரயிலில் ஏறக்கூடாது என்று தடை! மனுஷர் அசரவில்லை. புண்ணோடு ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். நமக்கோ, பஸ் பத்து நிமிஷம் லேட்டானால் அரை நாள் லீவு!

கடைசியில் இங்கேதான் பாரத ஆசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்குக் கோயில் கட்டணும் என்று ஆசை. 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். சுவர் எழும்புமுன், 1925 ஜூலை 23-ல் சிவா கண்ணை மூடிவிட்டார். வயது நாற்பதுதான்!

கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்துத்தான், அவருடைய மணிமண்டப வளாகத்தில் பாரத மாதா நினைவாலயம் எழுந்தது. வருஷா வருஷம் ஜூலை 23 அன்று அவருக்கு மாலை, மரியாதை உண்டு.

அடுத்த தடவை ஒகேனக்கல் கிளம்பினால், இங்கே ஒரு அரைமணி நேரம் இறங்கிப் பாருங்க சார். பரிசல் எங்கேயும் ஓடிவிடாது!