உங்களைப் பற்றி முதல் கவிதை எழுத

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் ஆலை வேலைக்கு வந்து தங்கியிருப்பவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். இவர்களில் யாருக்காவது தன்னைப் பற்றி ஒரு கவிதை எழுத வேண்டும் என்று தோன்றியிருந்தால், அவருக்காகவே இது.

முதல் கவிதை பெரும்பாலும் ‘நான்’ என்று தொடங்கும். என் வாழ்க்கை ஒரு போராட்டம், என் கனவுகள் ஆயிரம் என்று போகும். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கீழே யார் பெயரைப் போட்டாலும் பொருந்திவிடும். உங்களைப் பற்றிய கவிதையில் உங்களைக் காணோம் என்பதுதான் சிக்கல்.

இதற்கு வழி தேடி வெகுதூரம் போக வேண்டாம். அகப்பாட்டுக்குத் தொல்காப்பியம் மூன்று பொருள்களைச் சொல்கிறது: முதல், கரு, உரி. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்துக்கே உரிய உணவு, மரம், பறவை, விலங்கு போன்றவை. மக்கள் செய்யும் தொழிலும் அந்தப் பட்டியலில் உண்டு. உரி என்பது உள்ளத்து நிலை: பிரிவு, காத்திருப்பு, ஏக்கம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த இதை இப்போது கையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் நிலம் ஒரகடம். பொழுது நைட் ஷிப்ட். கரு, ஐடி கார்டும் தலைத்தொப்பியும் கம்பெனி பஸ்ஸும் கேன்டீன் தட்டும். இவற்றைச் சரியாக வைத்தால் உரியைத் தனியே சொல்ல வேண்டியதே இல்லை.

‘ஊரை விட்டு வந்து தனிமையில் தவிக்கிறேன்’ என்று ஒருவர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதையே இப்படியும் எழுதலாம்:

இரவெல்லாம் மழையாம்.
எங்கள் லைனுக்கு ஜன்னல் இல்லை.
பஸ் படியில் இருந்த ஈரத்தில்
தெரிந்துகொண்டேன்.
களத்து நெல்லை
அம்மா மூடியிருப்பாளா?

தவிப்பு, தனிமை என்ற சொற்களே இதில் இல்லை. எழுதியவர் யார், எங்கிருந்து வந்தவர், மனம் எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. ஜன்னல் இல்லாத லைனும் பஸ் படியும் அந்த வேலையைச் செய்துவிட்டன.

அகப்பாட்டில் இன்னொரு விதியும் உண்டு. தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது. ஓர் அறையில் பலர் சேர்ந்து தங்கும் ஹாஸ்டலில், யாராவது படித்துவிடுவார்களோ என்று கூச்சப்படுபவருக்கு இது பெரிய உதவி. உங்கள் பெயரோ லைன் லீடர் பெயரோ இல்லாமலே உண்மையை முழுதாக எழுதலாம்.

தொழிற்சாலைக்குள்ளிருந்தே இப்படி எழுதியவர்கள் உண்டு. சீனாவின் ஜெங் சியாவோசியோங் 2001-இல் சிச்சுவானிலிருந்து தோங்குவானுக்கு வேலை தேடி வந்த பெண். அவர் கவிதைகளில் இரும்பு திரும்பத் திரும்ப வருகிறது. அவர் வேலை செய்த இடத்தின் கருப்பொருள் அது. பிறகு தன்னைத் தாண்டி, சக பெண் தொழிலாளிகளைப் பற்றியும் ஒரு புத்தகமே எழுதினார். அதில் பல கவிதைகளுக்கு அந்தப் பெண்களின் பெயரே தலைப்பு. ஆலையில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடப்பட்டவர்களுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்த புத்தகம் என்று அதைச் சொல்வேன். இன்னொரு சீனக் கவிஞர் சூ லிஜி, ஷென்சென் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்தவர். அதே நிறுவனம்தான் சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கிறது. இரவு வேலையில் தரையில் விழும் ஒரு திருகாணியைப் பற்றி அவர் எழுதிய சின்னக் கவிதை உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. 2014-இல், 24 வயதிலேயே இறந்துவிட்டார்.

தன் கதையை எழுத வயதாக வேண்டும் என்பதும் இல்லை. பாரதி தன் வாழ்க்கையைக் ‘கனவு’ என்ற நெடுங்கவிதையாக 1910-இல் வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயது ஆகவில்லை. சிறுவயதுக் காதல், பிடிக்காத ஆங்கிலப் படிப்பு, அப்பா பணத்தை இழந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவருக்கு யாப்பு கைவந்த கலை. உங்களுக்கு வராவிட்டால் பரவாயில்லை, வசனமாகவே எழுதுங்கள். எதுகைக்காக உண்மையை மாற்றுவதுதான் தவறு.

பல ஆலைகளில் லைனுக்குள் போன் கொண்டுபோக விடுவதில்லை. அதனால் வேலை நடுவே தோன்றும் வரியை ஷிப்ட் முடியும் வரை மனத்தில்தான் வைத்திருக்க வேண்டும். வெளியே வரும்போது நினைவிருக்கும் வரியை முதலில் எழுதுங்கள். மறந்துபோனதைத் தேட வேண்டாம். எழுதியதை வாய்விட்டு ஒருமுறை படித்து, அம்மாவிடம் போனில் பேசும்போது சொல்லவே மாட்டீர்கள் என்று படும் அலங்காரச் சொற்களை அடித்துவிடுங்கள்.

இந்த வார லீவில் ஆறு வரி எழுதிப் பாருங்கள். அடியில் தேதியும், எந்த ஷிப்ட் முடித்து எழுதினீர்கள் என்பதும் இருக்கட்டும்.