ரிக்கிடோசானும் தெருமுனைத் தொலைக்காட்சியும்

1954-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி தொடங்கி மூன்று இரவுகள், டோக்கியோ நகரின் ஷிம்பாஷி ரயில் நிலையத்துக்கு மேற்கேயுள்ள திடலில், உயரமான மேடையில் வைக்கப்பட்டிருந்த ஒரு சிறு தொலைக்காட்சிப் பெட்டியை அண்ணாந்து பார்த்தவாறு, அலுவலகம் விட்டு வீடு திரும்பும் குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் பள்ளிச் சிறுவர்களுமாக ஏறக்குறைய 20,000 பேர் குளிரையும் பொருட்படுத்தாமல் நின்றார்கள் என்று அக்காலத்துச் செய்திகள் கூறுகின்றன. பெட்டியில் தெரிந்தது, அதே நகரில் குராமே சுமோ அரங்கத்தில் நடந்துகொண்டிருந்த மல்யுத்தம். ஒருபுறம் ஆறடிக்கு வெகுவாக மேற்பட்ட உயரமும் அதற்கேற்ற பருமனும் கொண்ட பென் ஷார்ப், மைக் ஷார்ப் என்னும் சகோதரர்கள். மறுபுறம் ஜூடோ கலையில் தமக்கு நிகரில்லாதவர் என்று பெயர் பெற்ற மசாஹிக்கோ கிமுராவும், சுமோவைத் துறந்து வந்த ரிக்கிடோசானும். யுத்தத்தில் தோற்று ஒன்பது ஆண்டுகள் நிறைவதற்குள், அந்நியப் படையின் ஆதிக்கம் நீங்கி இரண்டு ஆண்டுகள்கூட முடிவதற்குள், ஒரு ஜப்பானியக் கரம் வெள்ளையரின் மார்பில் விழுவதைக் காண அந்த ஜனங்கள் வந்திருந்தார்கள்.

அந்தக் காட்சி அமைக்கப்பட்டிருந்த விதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலில் கிமுரா அகப்பட்டுக்கொள்வார். நடுவர் வேறு பக்கம் திரும்பிய சமயம் பார்த்து, இரு சகோதரர்களும் விதிக்குப் புறம்பாக ஒன்றுசேர்ந்து அவரைக் கயிற்றோரம் தள்ளி மிதிப்பார்கள். ஜனங்களின் பொறுமை எல்லை கடக்கும்வரை இந்த அநீதி நீடிக்கும். பிறகு கிமுரா எப்படியோ தவழ்ந்து சென்று தம் கூட்டாளியின் கையைத் தொடுவார். கறுப்பு நிற நீள்காலுடை அணிந்த ரிக்கிடோசான் கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்ந்து, விரல்களைச் சேர்த்து விறைத்த உள்ளங்கையின் விளிம்பால், கராத்தே வெட்டு என்று ஜப்பானியர் அழைத்த அந்த அடியை, எதிரியின் மார்பிலும் கழுத்திலும் மாறி மாறி இறக்குவார். மலைபோன்ற உடல் தள்ளாடிச் சாயும். முதல் நாள் ஆட்டம் வெற்றி தோல்வியின்றியே முடிந்தது என்பதும், ஷார்ப் சகோதரர்கள் உண்மையில் அமெரிக்கர் அல்லர், கனடா தேசத்தவர் என்பதும் திடலில் நின்றவர்களுக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. அவமானம் பொறுத்தல், பொறுமை எல்லை கடத்தல், பதிலடி என்னும் மூன்றும் உரிய வரிசையில் தம் கண்முன் நிகழ வேண்டும் என்பதே அவர்கள் வேண்டியது. அதை அவர்கள் குறைவின்றிப் பெற்றார்கள்.

தொழில்முறை மல்யுத்தம் என்னும் வியாபாரம் எதை விற்கிறது என்பதை அறிய விரும்புவோருக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேறு கிடையாது என்பது என் எண்ணம். இன்று அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் ஒளிபரப்பாகும் டபிள்யூ. டபிள்யூ. ஈ. ஆட்டங்களின் பளபளப்பில் மறைந்துபோகும் அஸ்திவாரம், அந்தப் பழைய டோக்கியோ இரவுகளில் மறைவின்றிக் கண்ணுக்குத் தெரிகிறது.

திடலில் பெட்டியை வைத்தவர் மட்ஸுதாரோ ஷோரிக்கி. யோமியூரி என்னும் பெரிய நாளிதழை வளர்த்து, தொழில்முறை பேஸ்பாலையும் ஜப்பானில் நிலைநிறுத்திய அவர், 1953 ஆகஸ்டில் விளம்பர வருமானத்தையே நம்பி நிப்பான் தொலைக்காட்சியைத் தொடங்கினார். அவ்வாண்டு ஹயக்காவா நிறுவனம் விற்ற பதினான்கு அங்குலப் பெட்டியின் விலை 1,75,000 யென். அரசாங்க உத்தியோகத்தில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞனின் மாதச் சம்பளமோ 5,400 யென். இரண்டரை ஆண்டுச் சம்பளத்தைச் செலவின்றிச் சேர்த்தாலும் வாங்கமுடியாத பொருளை வீடுதோறும் எதிர்பார்ப்பது வீண் என்று உணர்ந்த ஷோரிக்கி, விளம்பரம் தருபவனுக்குத் தேவை பெட்டிகளின் எண்ணிக்கையன்று, பார்க்கும் கண்களின் எண்ணிக்கையே என்று துணிந்து, ரயில் நிலையங்களின் முன்னும் பூங்காக்களிலும் கடைத்தெருக்களிலும் தம் செலவில் பெட்டிகளை நிறுத்தினார். அத்தனை தொலைவிலிருந்து, அத்தனை சிறிய திரையில், கூட்டத்தின் கடைசியில் நிற்பவனுக்கும் விளங்கக்கூடிய காட்சி எது? பேஸ்பாலில் பந்து கண்ணுக்குத் தெரியாது. நாடகத்தில் வசனம் காதில் விழாது. நான்கு மூலைக் கயிற்றுக்குள் இரண்டு பெரிய உடல்கள் மோதுவதை மட்டும் எவனும் எங்கிருந்தும் புரிந்துகொள்வான். 1953 பிப்ரவரியில் பொது ஒளிபரப்பு நிறுவனமான என். எச். கே. தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது தேசம் முழுவதிலும் சந்தாதாரர்கள் 866 பேர்தாம். 1962-இல் அந்தத் தொகை ஒரு கோடியை எட்டியது. இந்த வளர்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டெனினும், தெருவில் நின்று கழுத்து வலித்தவர்கள் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டதற்கு ரிக்கிடோசான் ஒரு முக்கிய காரணம் என்பதை யாரும் மறுப்பதில்லை.

இவ்விடத்தில் வாசகர் மனத்தில் எழும் கேள்வி எனக்குத் தெரியும்: இவையெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட ஆட்டங்கள் அல்லவா? ஆம், அப்படித்தான். யார் வெல்வது, எந்தக் கட்டத்தில், எந்தப் பிடியால் என்பதை நடத்துபவர் தீர்மானிக்கிறார். இடைப்பட்டதை மல்லர்கள் இருவரும் பிடியில் சிக்கியிருக்கும் பாவனையில் காதோடு காதாகப் பேசி அவ்வப்போது அமைத்துக்கொள்கிறார்கள். ஜனங்களின் அன்புக்குரியவனைப் பேபிஃபேஸ் என்றும், வெறுப்புக்குரியவனை ஹீல் என்றும் தொழிலில் அழைப்பார்கள். ஆனால், முடிவு ஏற்பாடாக இருக்கலாம்; பலகை அடுக்கி மெல்லிய விரிப்பு போர்த்திய தளத்தில் முதுகடித்து விழும் விழுகை ஏற்பாடன்று, மார்பில் சிவந்து கன்றும் தழும்பும் பொய்யன்று. திரௌபதி அம்மன் கோயில் திடலில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்க்கும் நம் கிராமத்து ஜனங்களுக்குத் துரியோதனன் வீழ்வான் என்பது முன்பே தெரியும்; தெரிந்தும், பீமன் கதாயுதத்தை ஓங்கும் கணத்துக்காக உறங்காமல் காத்திருக்கிறார்கள். மல்லரங்கைச் சூழ்ந்த ரசிகனும் அப்படிப்பட்டவனே. அவனை ஏமாளி என்று எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனினும் இத்தொழிலின் ஆதாரம் பரஸ்பர நம்பிக்கை. உன் உடலை என்னிடம் ஒப்படை, நான் அதை முறிக்கமாட்டேன் என்னும் வாக்குறுதி. 1954 டிசம்பர் 22-ஆம் தேதி அந்த வாக்குறுதி பகிரங்கமாக முறிந்தது. கூட்டாளிக்கு வாய்த்த புகழ் தமக்கு வாய்க்காமல், ஒவ்வொரு ஆட்டத்திலும் அடிவாங்கும் பங்கே தமக்கு ஒதுக்கப்பட்டதில் மனம் வெதும்பிய கிமுரா, ரிக்கிடோசானைப் போட்டிக்கு அழைத்தார். 1951-இல் பிரேசில் சென்று ஹீலியோ கிரேசி என்னும் மல்லரை வென்று, தாம் பிரயோகித்த கைப்பூட்டுக்குத் தம் பெயரையே நிலைக்கச் செய்தவர் அவர். முதல் ஆட்டத்தைச் சமனில் முடிப்பதென்றும், பின்னர் வெற்றியை மாறி மாறிப் பகிர்வதென்றும் பேச்சு இருந்ததாகக் கிமுரா பிற்காலத்தில் கூறினார். ஆட்டத்தின் நடுவே திடீரென்று ரிக்கிடோசானின் அடிகள் மெய்யாகவே விழத் தொடங்கின. தயாராக இல்லாத அந்த மாபெரும் ஜூடோ வீரர் முகத்தில் இரத்தம் வழியத் தரையில் கிடந்தார். சம்பாத்தியத்தின் சிகரத்தை ஒருவரே ஆள வேண்டும் என்று கருதிய மனிதரின் காரியம் அது. ரிக்கிடோசானின் ஆற்றலை எவ்வளவு மதித்தாலும், அந்த இரவை என்னால் மன்னிக்க இயலவில்லை.

பணம் எந்த வழியில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, மிட்சுபிஷி மின்சாதன நிறுவனத்தின் ஆதரவில், ஒரு வாரம் மல்யுத்தமும் மறுவாரம் டிஸ்னிலேண்ட் நிகழ்ச்சியுமாக ஒளிபரப்பு நடந்தது. ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குமுன், அரங்கப் பணியாளர்கள் அந்நிறுவனத்தின் வேக்குவம் கிளீனரை மேடைமேல் ஏற்றி, சற்றுமுன் மல்லர்கள் புரண்ட விரிப்பைக் காமிராவுக்கு முன்னால் சாவதானமாகச் சுத்தம் செய்வார்கள். அதைப் பார்க்காமல் அடுத்த ஆட்டத்தைப் பார்க்க வழியில்லை. இதைப்போன்ற விளம்பரத்தைக் கண்டுபிடித்தவரின் புத்தி நுட்பத்தைப் பாராட்டவே தோன்றுகிறது. 1963 மே 24-ஆம் தேதி, முகமூடியணிந்த டெஸ்ட்ராயர் என்பவருடன் ரிக்கிடோசான் மோதிய ஆட்டத்தை 64 சதவிகித வீடுகள் பார்த்தன. அந்த முகமூடிக்குள் இருந்தவர் டிக் பேயர் என்னும் அமெரிக்கர். கால்களை எட்டுவடிவில் பின்னி நெரிக்கும் பிடியால் ஜப்பானையே நடுங்கவைத்த அவர், பின்னாளில் அங்கேயே குடியிருந்து ஜனங்களின் அபிமானத்தைப் பெற்று, 2017-இல் அத்தேசத்து அரசாங்கத்தின் விருதையும் பெற்றார். ஹீலாக வந்தவன் உறவினனாகிவிடுவது இத்தொழிலில் அடிக்கடி நேர்வதுதான்.

எல்லா ஹீல்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பிரெட் பிளாஸி என்பவர், காமிராவுக்கு முன் தம் பற்களை அரத்தால் தீட்டிக் காட்டிவிட்டு, எதிராளியின் நெற்றியைக் கடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர். 1962 ஏப்ரலில் கோபே நகரில் கிரேட் டோகோவின் நெற்றியிலிருந்து பெருகிய இரத்தத்தைத் தொலைக்காட்சியில் கண்ட முதியவர்கள் சிலர் அதிர்ச்சியால் இறந்ததாகப் பத்திரிகைகள் எழுத, தேசமெங்கும் கண்டனம் எழுந்தது. அந்த டோகோவின் வரலாறும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவிலேயே பிறந்த ஜப்பானிய வம்சத்தவரான அவர், யுத்தத்துக்குப் பின் அதே அமெரிக்காவின் அரங்குகளில், பணிந்து வணங்கிவிட்டு முதுகில் தாக்கும் வஞ்சக ஜப்பானியனாக வேஷமிட்டு, பார்ப்போரின் வெறுப்பையே பணமாக மாற்றிக்கொண்டிருந்தார். பசிபிக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் ஒரே யுத்தத்தின் காயம் விற்கப்பட்டது. எந்தக் கரையில் யார் ஹீல் என்பது மட்டுமே வேறுபட்டது.

நம் நாட்டினருக்கும் இந்த வரலாற்றில் ஒரு சிறு தொடர்பு உண்டு. நம் பயில்வான் தாராசிங்கின் எதிராளியாக இந்தியர்களுக்கெல்லாம் அறிமுகமான கிங்காங் என்னும் பெருத்த மல்லர் 1955-இல் டோக்கியோவுக்குச் சென்று, ஆசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் ரிக்கிடோசானிடம் தோற்றார்.

இவ்வளவும் ஜப்பானிய வீரத்தின் பெயரால் நடந்தன. ஆனால் அந்த வீரத்தின் உருவமாக விளங்கிய மனிதர் ஜப்பானியர் அல்லர். இன்று வடகொரியாவைச் சேர்ந்த தென் ஹம்கியோங் பகுதியில் கிம் சின்-ராக் என்ற பெயருடன் பிறந்து, 1940-இல் சுமோ பயில ஜப்பானுக்கு வந்து, மூன்றாம் உயர் படியான செக்கிவாக்கே வரை ஏறியவர் அவர். 1950-இல் ஓர் இரவு தம் குடுமியைத் தாமே அறுத்தெறிந்துவிட்டு வெளியேறி, கட்டிட வேலையில் சேர்ந்து, அடுத்த ஆண்டு அமெரிக்க மல்லர்களைச் சந்தித்து, ஹவாயிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் பயின்று திரும்பினார். மோமோட்டா என்னும் ஜப்பானியக் குடும்பத்தின் பெயரில் அவர் பதிவு செய்யப்பட்டிருந்தார். நாகசாக்கி மாவட்டத்தவர் என்றே பத்திரிகைகள் எழுதின. கொரியர்களைத் தாழ்வாக நடத்திய ஒரு சமூகம், தன் மானத்தை மீட்டுத்தரும் பொறுப்பை அறியாமலே ஒரு கொரியரிடம் ஒப்படைத்திருந்தது. அந்த மனிதரோ, மெய்யைச் சொன்னால் தம் வியாபாரமும் புகழும் ஒருசேரச் சரியும் என்று அறிந்து, வாழ்நாள் முழுவதும் அதை மறைத்தார். அரங்கின் முடிவுகளை முன்கூட்டித் தீர்மானிப்பதைக் குறைகூறுவோர், இந்தப் பாவனை எத்தனை கொடியது என்பதையும், அதை அவர்மீது சுமத்தியது யார் என்பதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஷிபுயாவில் 1961-இல் தம் பெயரால் ஒரு விளையாட்டு மாளிகை, அக்கசாக்காவில் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று செல்வம் பெருகியது. மல்யுத்தத்தை ஊர் ஊராக நடத்துவதற்கு ரவுடிக் கூட்டங்களின் தயவு அக்காலத்தில் தேவைப்பட்டதால், ஆட்டங்களை நடத்திய அவருடைய மல்யுத்தச் சங்கத்தின் சகவாசமும் அப்படியே அமைந்தது. 1963 டிசம்பர் 8-ஆம் தேதி அக்கசாக்காவின் இரவு விடுதியொன்றில் அத்தகைய ஒருவனுடன் ஏற்பட்ட வாய்ச்சண்டையில் வயிற்றில் கத்திக்குத்துப் பட்டு, அறுவை சிகிச்சைக்குப் பின் 15-ஆம் தேதி மாண்டார். வயது 39.

அவர் விட்டுச் சென்ற பெரிய சொத்து மூன்று சீடர்கள். பேஸ்பால் ஆட்டக்காரராக இருந்த ஷோஹெய் பாபா, பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து காப்பித் தோட்டத்தில் உழைத்த அன்டோனியோ இனோக்கி, கொரியாவிலிருந்து ஒளிந்து வந்து சேர்ந்த கிம் இல். பாபாவும் இனோக்கியும் 1960-இல் ஒரே நாளில் அரங்கேறினார்கள். 1972-இல் ஆளுக்கொரு நிறுவனத்தைத் தோற்றுவித்தார்கள். அவ்விரண்டும் இன்றளவும் ஜப்பானில் இயங்கிவருகின்றன. முகம்மது அலியோடு மோதியவரும், பின்பு ஜப்பானிய நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான இனோக்கி, 1995 ஏப்ரல் 28, 29 தேதிகளில், தம் ஆசானின் ஜன்மபூமியான வடகொரியாவின் தலைநகர் பியோங்யாங்கில் மல்யுத்த விழா எடுத்தார். அவர் ஆசானின் பெயரை ஜப்பான் எழுதிய அதே எழுத்துகளைத் தம் மொழியில் ரியோக்டோசான் என்று வாசித்து, அவரைத் தேசிய வீரராகக் கொண்டாடித் தபால்தலையும் வெளியிட்ட நாடு அது. இத்தகைய காட்சியை முன்பின் கண்டிராத லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் மே தின அரங்கத்தில் கூடியிருக்க, ஹீலின் பங்கை ஏற்ற அமெரிக்கரான ரிக் பிளேரை, ரிக்கிடோசானின் சீடர் என்ற அறிமுகத்தோடு வந்த ஜப்பானியரான இனோக்கி வென்றார். கொரியர்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள்.