உங்களுக்குத் தெரியுமா? பளை இரவும் நெற்றி ரோச்சும்

பளையிலிருந்து சுண்டிக்குளம் கடல்நீரேரிப் பக்கம் இரவில் கூடாரம் போடப் போகிறவர்கள் தலையில் கட்டும் ரோச் லைற் வாங்கும்போது, பெட்டியில் பெரிதாக அச்சிட்ட லூமன் எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள். நடைக்கு 200 முதல் 300 லூமன் தாராளம். பெட்டியில் ‘எஃப்எல் 1’ என்ற தரக்குறி இருந்தால், அதில் சொல்லும் எரியும் நேரம் என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையான நேரம். முழு வெளிச்சம் அவ்வளவு நேரம் நிற்காது. ஆகவே மாற்று பற்றரி கட்டாயம்.

சிவப்பு வெளிச்சமும் உள்ளதை வாங்குங்கள். இருளுக்கு முழுதாகப் பழக நம் கண்ணுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் வேண்டும். வெள்ளை ஒளி அதைக் கணத்தில் கெடுத்துவிடும், மங்கிய சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது. மாரி மழைக்கு ‘ஐபிஎக்ஸ்4’ என்ற நீர் தாங்கும் தரக்குறி போதும். தோணியில் போவோருக்கு, ஒரு மீற்றர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் ‘ஐபிஎக்ஸ்7’ நல்லது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். மாட்டின் கண்ணும் முதலையின் கண்ணும் ரோச் வெளிச்சத்தில் மின்னும். பாம்பின் கண் அப்படி மின்னாது. நெற்றியிலிருந்து விழும் ஒளியில் நிழலும் தெரிவதில்லை, மணலில் கிடக்கும் புடையன் பாம்பு தரையோடு தரையாகிவிடும். அதனால் ஒரு சின்ன ரோச்சை இடுப்பளவில் பிடித்து நடவுங்கள்.

எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் கால் வைக்காதீர்கள்.