ஆண்டவர் ரிப்ளை பண்ணலைன்னா..?

செமஸ்டர் நெருங்கிட்டா போதும்... வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி, சர்ச்சில் உபவாச ஜெபம்னு நம்ம பசங்க செம பிஸி! ‘இந்த அரியர் மட்டும் க்ளியர் ஆகட்டும், இனி ஞாயித்துக்கிழமை தவறாம வந்துடறேன்’னு கடவுள்கிட்டயே டீல் பேசுவோம். பாஸானா ‘ஸ்தோத்திரம்.’ கப் வாங்கினா, ‘கடவுளாவது, ஒண்ணாவது!’

கிறிஸ்தவம் சொல்ற விசுவாசம் இந்தக் கொடுக்கல் வாங்கல்தானா? அன்னை தெரசாவின் கதையைக் கேளுங்க.

1946 செப்டம்பர் 10. டார்ஜிலிங் போகும் ரயிலில், பரம ஏழைகளுக்குச் சேவை செய்யச் சொல்லி இயேசு தன்னை அழைப்பதாக உணர்கிறார் தெரசா. 1948-ல் லொரேட்டோ மடத்தை விட்டு, நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையில் கல்கத்தா சேரிக்குள் நுழைகிறார். 1950-ல் ‘மிஷனரீஸ் ஆஃப் சேரிட்டி’ உதயம்!

இங்கேதான் ட்விஸ்ட். வேலை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே, ஜெபத்தில் கடவுளை உணர முடியாமல் போய்விட்டது. ஒரே இருட்டு, வெறுமை. 1958-ல் சில வாரங்கள் மட்டும் வெளிச்சம். பிறகு மறுபடியும் மௌனம். 1979-ல் நோபல் பரிசு வாங்கியபோதும், 1997-ல் கண்மூடும் வரையிலும் அதே கதைதான். கிட்டத்தட்ட 50 வருஷம்!

நெருக்கமான சில குருக்களுக்கு மட்டும் கடிதங்களில் இதைக் கொட்டினார். அவற்றை அழித்துவிடச் சொல்லியும் கேட்டார். ஆனால், 2007-ல் அவை புத்தகமாக வந்தபோது உலகமே ஆடிப்போனது. ‘அப்போ இத்தனை நாள் நடிச்சாங்களா?’ என்று கேட்டவர்களும் உண்டு.

நடிப்பா? தினமும் விடியற்காலையில் எழுந்து ஜெபித்துவிட்டு, தெருவில் சாகக் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்த ஆயுசுக்குப் பேர் நடிப்பில்லை பாஸ். அந்த வெறுமையைக்கூட இயேசுவுக்கே எழுதி முறையிட்டவர் அவர். ஏன் கைவிட்டீர் என்று சிலுவையில் இயேசு கேட்டதாக பைபிள் சொல்கிறது. அந்தக் கேள்வியையும் அவர் பிதாவிடம்தான் கேட்டார்!

தமிழில் ‘விசுவாசம்’னா நம்பிக்கை மட்டுமில்ல, விட்டுப்போகாம கூடவே இருக்கறதும்தான். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் ‘பிஸ்டிஸ்’ என்ற வார்த்தைக்கு இந்த ரெண்டு அர்த்தமும் உண்டு. அது ஃபீலிங் இல்லை. வந்து போகிற ஃபீலிங்குக்கு அப்புறமும் நீடிக்கிற உறவு.

அம்மாவுக்கு உடம்பு சரியாகணும்னு அழுது ஜெபிச்சும் நடக்காம போன ஃப்ரெண்ட் உங்க கிளாஸ்லயும் இருக்கலாம். அவங்ககிட்ட ‘உனக்கு விசுவாசம் பத்தலை’னு யாராவது சொன்னா, தயவுசெஞ்சு தடுங்க. அந்த வார்த்தை, இழப்பைவிட ஆழமா குத்தும். அந்த இருட்டுக் கடிதங்களைப் படித்த பிறகுதான், 2016 செப்டம்பர் 4-ல் திருச்சபை தெரசாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது.

பதில் வராத ஜெபமும் ஜெபம்தான். ஃப்ரெண்டுக்கு நீங்க பதில் எதுவும் சொல்ல வேண்டாம். பக்கத்துல உட்காருங்க, போதும்!