மீன்கொத்தியின் நீலத்தைத் தாளில் கொண்டுவருவது

வயலோர மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்தொண்டை மீன்கொத்தியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. சாக்லேட் பழுப்புத் தலை, வெள்ளை மார்பு, சிவந்த பெரிய அலகு, பளீரென்ற நீல முதுகு. பேஸ்டலில் பறவை வரையப் பழகுபவர்களுக்கு இது நல்ல தொடக்கம்.

பேஸ்டல் குச்சி என்பது நிறமித் தூளை மிகக் குறைந்த பசையில் பிசைந்து உலர்த்தியது. சொரசொரப்பான தாளில் தேய்த்தால் தூள் அதன் மேடுபள்ளங்களில் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தூள்பரப்பு ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிப்பதால் மென்மை தானாக வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் வெனிஸ் ஓவியர் ரொசால்பா கரியேரா முகங்களின் தோலை உயிர்ப்புடன் தீட்டியது இதே பேஸ்டலில்தான். இறகுக்கும் அந்த மென்மை பொருந்துகிறது.

மீன்கொத்தியின் முதுகில் நீல நிறமி கிடையாது. இறகிழைக்குள் இருக்கும் நுண்துளைக் கெரட்டின், நீல ஒளியை வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. அதன் அடியில் உள்ள கருநிறமி மற்ற ஒளியை விழுங்கிவிடுகிறது. அடி இருட்டாக இருப்பதால்தான் மேலே நீலம் சுடர்கிறது. ஓவியரும் இந்த வரிசையையே பின்பற்ற வேண்டும். முதலில் கருநீலம், அதன்மேல் பசுநீலம், கடைசியில் ஒளி விழும் இடத்தில் மட்டும் வெளிர்நீலக் கீற்றுகள். வெள்ளை மார்புக்கும் முதலில் நீலச்சாம்பல் நிழல், தூய வெள்ளை இறுதியில்.

இறகுகளை ஒவ்வொன்றாக வரையப் புகுந்தால் பறவை செதில் போர்த்தியதுபோல் விறைத்துவிடும். இறகுத் தொகுதிகளைக் கவனியுங்கள். மடக்கிய சிறகின் மேல்பகுதியில் பழுப்பு, அதையடுத்துக் கறுப்புப் பட்டை, பிறகு நீலம், நுனியில் மீண்டும் கறுப்பு. இந்த வரிசையும் இறகு படிந்திருக்கும் திசையும் சரியாக அமைந்தால், ஓரங்களில் பேஸ்டல் பென்சிலால் சில கோடுகள் போதும். கண்ணில் ஒளிப்புள்ளியைக் கூராக வையுங்கள். பறவையின் பார்வை அதில் இருக்கிறது.

உதிரும் தூளை வாயால் ஊதாதீர்கள்; சில நிறமிகள் மூச்சுக்குக் கேடு. தாளைச் செங்குத்தாகப் பிடித்துப் பின்புறம் தட்டினால் போதும். நிலைநிறுத்தும் தெளிப்பு வெளிர்நிறங்களை மங்கச் செய்யும் என்பதால் அதை அளவாகப் பயன்படுத்துங்கள். சட்டமிடும்போது கண்ணாடி ஓவியத்தில் படாதபடி இடைவெளி விடுங்கள்.

குச்சியை எடுக்கும் முன் பறவையை நெடுநேரம் பாருங்கள். எந்த நிறம் எதன்மேல் படிந்திருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால், எந்தக் குச்சியை முதலில் எடுப்பது என்ற குழப்பம் இருக்காது.