168 பேர் மட்டும்தானா? (இன்காக்களும் அவர்கள் பிடித்த அக்கம்பக்கத்து நாடுகளும்)

போன மாதம் எங்கள் வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடக்கும்போது ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். "1532இல் பிசாரோ என்ற ஸ்பானியர் 168 வீரர்களோடு போய் இன்கா சாம்ராஜ்யத்தின் அரசனையே பிடித்தார். பக்கத்திலேயே அரசனின் படை பல்லாயிரம் பேர் முகாம் போட்டிருந்தது. எப்படி முடிந்தது?" நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "துப்பாக்கி சார்! குதிரை சார்!" என்று கத்தினோம். அவர் சிரித்துவிட்டு, "அது பாதி பதில். மீதியை நீங்களே தேடுங்க" என்று சொல்லி மணி அடித்ததும் போய்விட்டார். அந்த மீதிப் பதிலைத் தேடியதுதான் இந்தக் கட்டுரை.

தென் அமெரிக்காவில், ஆண்டீஸ் மலைமேல், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் கூஸ்கோ என்ற ஊர் இருக்கிறது. இன்று பெரு நாட்டில் உள்ளது. இன்காக்கள் முதலில் இந்த ஊரையும் சுற்றியுள்ள பள்ளத்தாக்கையும் ஆண்ட ஒரு சின்னக் கூட்டம், அவ்வளவுதான். 1438 வாக்கில் சாங்கா என்ற பக்கத்து மக்கள் படையெடுத்து வந்தார்கள். அவர்களை விரட்டி அடித்த பச்சாகுத்தி அரசனானார். அதற்குப் பிறகுதான் எல்லாம் மாறியது. அவர், அவர் மகன் தோப்பா இன்கா, பேரன் வைனா காப்பாக் என்று மூன்றே தலைமுறை. இன்றைய கொலம்பியாவின் தென்கோடியிலிருந்து சிலி நாட்டின் நடுப்பகுதி வரை அவர்கள் கைக்கு வந்துவிட்டது. தங்கள் நாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் தவாந்தின்சுயு. 'நான்கு பகுதிகள் சேர்ந்தது' என்று அர்த்தம்.

இதில் பெரிய ஆச்சரியம் என்னன்னா, அவர்களிடம் இரும்பு இல்லை, குதிரை இல்லை, வண்டிச் சக்கரம் இல்லை, எழுத்தும் இல்லை! சுமை தூக்க லாமா என்ற விலங்குதான். அதுவும் முப்பது கிலோவுக்கு மேல் வைத்தால் அப்படியே படுத்துக்கொள்ளுமாம். பிறகு எப்படிப் பிடித்தார்கள்?

முதலில் சண்டைக்குப் போக மாட்டார்கள். தூதர் போவார், கையில் பரிசாக அருமையான துணிகள் இருக்கும். (அங்கே தங்கத்தைவிட நல்ல துணிக்குத்தான் மதிப்பு அதிகம்.) "எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள், உங்கள் தலைவர் தலைவராகவே இருக்கலாம்" என்பார். சிஞ்சா என்ற கடற்கரை நாட்டின் தலைவர் இப்படிப் பணிந்தவர்தான். அவருக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? பிற்காலத்தில் அரசன் அதாவல்பா பல்லக்கில் போகும்போது, பக்கத்திலேயே இன்னொரு பல்லக்கில் சிஞ்சா தலைவரும் போனார்.

பணியவில்லை என்றால் போர். வடக்குக் கடற்கரையில் சிமூ என்ற பெரிய அரசு இருந்தது. அதன் தலைநகர் சான் சான் முழுக்க முழுக்க மண் செங்கலால் கட்டிய நகரம். 1470 வாக்கில் இன்கா படை அதை வென்றது. அரசனைக் கூஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். அவனோடு தங்க, வெள்ளி வேலை தெரிந்த கைவினைஞர்களையும் கொண்டுபோய்விட்டார்கள். இன்கா தங்கம் என்று நாம் புகழ்வதில் எவ்வளவு சிமூ ஆட்களின் கைவேலையோ!

வென்ற பிறகு நடப்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தோற்ற தலைவரின் பிள்ளைகளைக் கூஸ்கோவுக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைப்பார்கள். படிப்பும்தான், பிணையும்தான். அந்த ஊர்ச் சாமியின் சிலையையும் மரியாதையோடு எடுத்துப்போய்க் கூஸ்கோவில் வைப்பார்கள். ஊர்க்காரர்கள் கலகம் செய்தால் சாமி அவர்கள் கையில் இருக்கிறதே! பிறகு ஆளுக்கு வரி. வரி என்றால் காசு இல்லை, உழைப்பு. ஒவ்வொரு வீடும் முறைவைத்து ஆண்டுதோறும் அரசுக்கு வேலை செய்ய வேண்டும்: சாலை போட, வயலில் உழைக்க, படையில் சேர. இதற்கு மித்தா என்று பெயர்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு சொல் மித்மா. (நான் முதலில் குழப்பிக்கொண்டேன்!) மித்மா என்றால் ஊரோடு பெயர்த்து வேறு இடத்தில் குடியேற்றப்பட்ட மக்கள். முரண்டு பிடிக்கும் கூட்டத்தைப் பல நூறு மைல் தள்ளிக் கொண்டுபோய், ஏற்கெனவே அடங்கிய மக்கள் நடுவில் குடிவைப்பார்கள். அடங்கியவர்களில் சிலரைக் கலகக்காரர்கள் ஊரில் கொண்டுவந்து வைப்பார்கள். வைனா காப்பாக் இன்றைய பொலிவியாவில் உள்ள கொச்சபம்பா பள்ளத்தாக்கைப் படைக்குச் சோளம் விளைவிக்கும் பண்ணையாக்கினார். அங்கே இருந்தவர்களை எல்லைக் காவலுக்கு அனுப்பிவிட்டு, பல இனங்களிலிருந்து 14,000 உழைப்பாளிகளைக் கொண்டுவந்தார். சிலர் நிரந்தரமாக, பலர் முறைவைத்து.

போன இடத்திலும் சொந்த ஊர் உடையையும் தலைக்கட்டையும் மாற்றக் கூடாது என்பது சட்டம். பார்த்தவுடனே யார் எந்த ஊர் என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும். யோசித்துப் பாருங்க, மொழி தெரியாத ஊர், குளிர் வேறு, பயிர் வேறு, பக்கத்து வீட்டுக்காரர் உங்களை 'இன்கா ஆள்' என்று சந்தேகமாகப் பார்ப்பார். உங்கள் பேரப்பிள்ளை தலையிலும் அதே தலைக்கட்டு.

இவ்வளவையும் எழுத்து இல்லாமல் எப்படிக் கணக்கு வைத்தார்கள்? கிப்பு! ஒரு கயிற்றிலிருந்து பல கயிறுகள் தொங்கும், அதில் முடிச்சுகள். கீழே ஒன்றின் இடம், அதற்கு மேல் பத்தின் இடம், அதற்கும் மேல் நூறின் இடம். முடிச்சே இல்லாமல் இடம் காலியாக இருந்தால் பூஜ்ஜியம். எத்தனை வீடு, எத்தனை லாமா, கிடங்கில் எவ்வளவு சோளம் என்று எல்லாமே முடிச்சில். அதை எடுத்துக்கொண்டு சாஸ்கி என்ற அஞ்சல் ஓட்டக்காரர்கள் சாலையில் மாறி மாறி ஓடுவார்கள். அந்தச் சாலை வலை 30,000 கிலோமீட்டருக்கு மேல். 2014இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது ஆறு நாடுகள் பங்குபோட்டுக்கொண்டன.

நல்லதும் இருந்தது, மறைக்கக் கூடாது. பஞ்சம் வந்தால் அரசுக் கிடங்கு திறக்கும். ஆனால் வைனா காப்பாக் வடக்கே கரான்கி மக்களோடு பல ஆண்டுகள் போரிட்டு, கடைசியில் அவர்களை ஒரு ஏரிக்கரையில் கொன்று குவித்தார். இன்றைய ஈக்வடாரில் இருக்கிறது அந்த ஏரி. இன்றைக்கும் அதன் பெயர் யவார்கோச்சா. கெச்சுவா மொழியில் 'இரத்த ஏரி'.

இப்போது ஆசிரியரின் கேள்விக்கு வருவோம். 1520களில் ஒரு கொள்ளைநோய் பரவியது. பெரியம்மையாக இருக்கலாம் என்கிறார்கள். வைனா காப்பாக் இறந்தார். மகன்கள் வாஸ்காரும் அதாவல்பாவும் அடித்துக்கொண்டார்கள். ஈக்வடார் பக்கத்துக் கான்யாரி மக்கள் வாஸ்கார் பக்கம் நின்றார்கள். அதற்காக அதாவல்பா அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார். அண்ணன் தம்பி சண்டை முடியும் நேரம் பார்த்துத்தான் பிசாரோ வந்து இறங்கினார். 1532 நவம்பர் 16 அன்று கஹமார்கா ஊரில் அதாவல்பாவைப் பிடித்தார். ஓர் அறை நிறையத் தங்கம் வாங்கிக்கொண்டும் விடவில்லை, 1533இல் கொன்றார்.

துப்பாக்கியும் குதிரையும் அந்த ஒரு மாலைக்குப் போதும். அதற்குப் பிறகு? மலையில் சோறு போட்டது யார், வழி காட்டியது யார், சுமை தூக்கியது யார்? கான்யாரிகள் ஸ்பானியர்களோடு சேர்ந்தார்கள். ஹௌஹா பள்ளத்தாக்கின் வாங்கா மக்களும் சேர்ந்தார்கள். 1536இல் மான்கோ இன்கா பெரும்படையோடு கூஸ்கோவை முற்றுகையிட்டபோது உள்ளே ஸ்பானியர் இருநூறு பேர்கூட இல்லை. அவர்களோடு நின்று காப்பாற்றியவர்களில் இன்காக்களே முன்பு கூஸ்கோவில் கொண்டுவந்து வைத்த கான்யாரிகளும் உண்டு! "உங்களை நம்பித்தானே அழைத்து வந்தோம்" என்று இன்கா கேட்டிருக்க முடியுமா, தெரியவில்லை.

வாங்கா மக்கள் தங்களுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். ஸ்பானியருக்கு எதைக் கொடுத்தாலும் கிப்புவில் முடிச்சுப் போட்டு வைத்தார்கள். 1561இல் அவர்களின் தலைவர்களில் ஒருவர் லிமா நகர நீதிமன்றத்தில் அந்தக் கணக்கைக் காட்டினார். 1533 முதல் கொடுத்த லாமாக்கள், சோளம், உருளைக்கிழங்கு, துணி, செருப்பு எல்லாம் வரிசையாக. ஸ்பானிய வீரர்கள் கேட்காமல் கொள்ளையடித்துப் போனதற்கும் தனியாக முடிச்சு இருந்தது! அதற்குள் போதோசி மலையில் வெள்ளி கிடைத்திருந்தது. சில ஆண்டுகளில் ஸ்பானியர் பழைய மித்தாவை எடுத்து அதே பெயரிலேயே சுரங்கத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள்.

சார், இதுதான் நான் கண்டுபிடித்த மீதிப் பாதி. மார்க் எவ்வளவு?

கிப்புப் புதிர்: ஒரு கயிற்றில் மேலே நூறின் இடத்தில் 2 முடிச்சு, நடுவில் ஒன்றும் இல்லை, கீழே ஆறு சுற்றுள்ள ஒரு நீள முடிச்சு. எத்தனை லாமா? (குறிப்பு: ஒன்றின் இடத்தில் மட்டும் சுற்றுகளை எண்ண வேண்டும்.) விடை அடுத்த இதழில்.

10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு