புரதம் எவ்வளவு வெப்பம் தாங்கும்?



விம்கோ நகரில் தகரக் கூரையின்கீழ் வாழும் நீரிழிவு நோயாளிகள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் எத்தனை நாள் கெடாமலிருக்கும்?" இதற்குப் பதில் எப்படிக் கிடைக்கிறதென்று உங்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

இன்சுலின் ஒரு புரதம். அமினோ அமிலங்கள் மணிமாலைபோல் கோக்கப்பட்டு, குறிப்பிட்ட வடிவில் மடிந்து நிற்பதே புரதம். அந்த மடிப்புக்கு எந்தெந்த வளைவுகள் கூடும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1963-ல் வரைபடமாகக் காட்டினார்கள். மடிப்புக் குலைந்தால் புரதம் வேலை செய்யாது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவது நாம் அன்றாடம் காணும் உதாரணம்.

ஆய்வுக்கூடத்தில் புரதக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சூடாக்கி, அதனூடே ஒளியைச் செலுத்தி, ஒவ்வொரு வெப்பநிலையிலும் உண்டாகும் மாற்றத்தைக் குறிக்கிறார்கள். கணினி மென்பொருள் அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்தும் வளைகோட்டை வரைந்து, புரதத்தில் பாதி மடிப்பவிழும் வெப்பநிலையைச் சொல்லுகிறது. இதற்கு உருகுநிலை என்று பெயர். அவ்விதமே மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்த்து, எந்த அளவில் பாதிப் புரதம் மருந்தோடு பிணைகிறது என்றும் கண்டறியலாம். அந்த அளவு எவ்வளவு குறைவோ, பிடிப்பு அவ்வளவு பலம்.

ஆனால் ஒரு எச்சரிப்பு. எந்தப் புள்ளிகளைக் கொடுத்தாலும் மென்பொருள் ஏதோ ஒரு எண்ணைத் தந்துவிடும். நிலைத்தன்மையைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரமோ, அவிழ்ந்த புரதம் ஆறினதும் மறுபடி மடியும் என்ற அடிப்படையில் அமைந்தது. வெந்த முட்டை ஆறினாலும் பச்சை முட்டை ஆகாதல்லவா? ஆகவே கரைசலை ஆறவிட்டு மீண்டும் அளந்து பார்த்த பின்பே அந்த எண்ணை நம்பலாம்.

இப்படி உலகெங்கும் அளந்தவற்றைத் தொகுத்த 'புரோதெர்ம்' என்ற தரவுத்தளம் 1999-ல் வெளியானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பேராசிரியர் மைக்கேல் குரோமிகா பின்பு சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தார். அவருடைய குழுவினர் 2021-ல் வெளியிட்ட புதிய பதிப்பில் சுமார் 31,500 அளவுகள் உள்ளன.

உருகுநிலை மட்டும் தெரிந்தால் போதாது. அதற்கும் மிகக் குறைந்த வெப்பத்திலேயே புரதம் மெள்ள மெள்ளத் திரியும். ஆகையால் இன்சுலினை மாதக்கணக்கில் வைத்துச் சோதித்தே காலக்கெடு குறிக்கிறார்கள். திறவாத புட்டிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். உபயோகத்திலுள்ளது, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குள் சுமார் 4 வாரம் தாங்கும். சரியான கெடு அட்டைப்பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

மே மாதத்தில் தகரக் கூரை வீட்டுக்குள் வெப்பம் 30 டிகிரியோடு நிற்பதில்லை. நிழலான மூலையில், ஈர மணல்மேல் வைத்த மண்பானைக்குள் புட்டியை நனையாமல் மூடி வையுங்கள். பிரிட்ஜ் இருந்தால் ஐஸ் உறையும் தட்டில் வைக்கவேண்டாம். உறைந்த இன்சுலின் உதவாது. உங்கள் சபையில் இன்சுலின் போட்டுக்கொள்ளுகிறவர்களுக்கு இதைத் தயவாய்ச் சொல்லுங்கள்.